கட்டில் கிடந்த இடம்

முதல் ஆணி இவ்வளவு சத்தம் போடும் என்று நான் நினைக்கவில்லை. ஆசாரி லோகநாதன் கடப்பாரையின் தட்டை முனையைப் பலகை இடுக்கில் சொருகி, உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் போட்டு அழுத்தினார், ஆணி நீளமாக முனகிக்கொண்டே மேலே வந்தது, நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ளும்படி ஒன்றும் நடந்துவிடவில்லை. ஒரு பலகையைப் பெயர்க்கிறார், அவ்வளவுதான். குன்னூரில் பழைய வீடு வைத்திருக்கிற யார் வீட்டிலும் ஒரு நாள் நடப்பதுதான், வெள்ளைக்காரன் காலத்துப் பலகைத் தரை, நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது, மரம்தானே, மக்கும். போன செவ்வாய்க்கிழமையிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மரம்தானே, மக்கும், காப்பி கலக்கும்போது, சவரம் செய்யும்போது. செவ்வாய்க்கிழமைதான் கோயில் முதியோர் இல்லத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், என் மனைவி ஜெயசீலியின் கட்டிலை எடுத்துப்போக. அவள் போய் எட்டு மாதமாகிறது, இன்னும் எதற்கு அந்தக் கட்டில் என்று மகள் பெனிட்டா போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள், நானும் சரி என்றேன். இரண்டு பேரும் தூக்கினார்கள், மூன்று கால் எழும்பியது, தலைமாட்டில் சுவர்ப்பக்கக் கால் மட்டும் எழும்பவில்லை. ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "அய்யா, இது தரைக்குள்ள போயிருக்கு" என்றான். பிளாஸ்டிக் விரிப்பைக் கிழித்துக்கொண்டு, பலகையை உடைத்துக்கொண்டு, கால் உள்ளே நின்றது, மூன்று விரல் ஆழம். அவர்கள் அதை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்கள். கட்டில் போய்விட்டது. ஓட்டை இங்கேயே இருந்தது. நான் ஒரு வாரமாக அதைச் சுற்றிக்கொண்டே நடந்தேன், அதன் மேல் முக்காலியைக் கவிழ்த்துப் போட்டேன், ஏன் போட்டேன் என்று கேட்டால் கால் மாட்டிவிடும் என்று சொல்லியிருப்பேன், இந்த அறைக்குள் என்னைத் தவிர வேறு யாருடைய கால் வரப்போகிறது.

இரண்டாவது பலகை சுலபமாக வந்தது. மூன்றாவதை அவர் கையாலேயே எடுத்தார். வாசனை அப்போதுதான் மேலே வந்தது, காளான் வாசனை, நனைந்த சாக்கின் வாசனை, மழைக்காலத்தில் சாத்தியே வைத்திருந்த அலமாரியின் வாசனை. ஜெயசீலி போர்வையை மூக்கருகே பிடித்துக்கொண்டு இதில் ஏதோ வாடை வருது என்பாள், நான் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு சோப்பு வாடைதான் என்பேன். லோகநாதன் குழிக்குள் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர், பேசும்போது எதிரே இருப்பவரைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துத்தான் பேசுவார். "சார், கொஞ்சம் இங்க வந்து பாருங்க" என்றார். எனக்குப் பார்க்கவேண்டாம் போலிருந்தது. முப்பத்து நாலு வருஷம் ரோடு ஓவர்சியராக இருந்தவன் நான், மழையில் பிய்ந்துபோன பாலத்துக்கடியில் இறங்கிப் பார்த்திருக்கிறேன், என் வீட்டுத் தரைக்கடியில் என்ன இருக்கப்போகிறது. இறங்கி முட்டி போட்டேன். பலகைகளைத் தாங்கிக் குறுக்கே கட்டைகள் கிடந்தன, சுவருக்குச் சுவர், அந்த அறைக்கு மொத்தம் பதினொன்று என்று எண்ணிச் சொன்னார், ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம், அரைச் சாண் அகலம். "இந்த மரத்துக்கு இருநூறு வருஷம்கூட ஒண்ணும் ஆகாது சார்" என்றபடி முதல் கட்டையில் திருப்புளியைக் குத்தினார், நுனிகூட இறங்கவில்லை. இரண்டாவதிலும் இறங்கவில்லை. மூன்றாவதில் குத்தினார், திருப்புளி பிடி வரைக்கும் உள்ளே போனது, எந்தச் சத்தமும் இல்லாமல், கேக்கில் கத்தி போகிற மாதிரி. அவர் அதை வெளியே எடுத்து என்னிடம் காட்டினார். இரும்பெல்லாம் ஈரப்பொடி, காப்பித்தூள் நிறத்தில். நாலாவதும் அப்படி. ஐந்தாவது பாதி அப்படி. ஆறாவதிலிருந்து நன்றாக இருந்தது. மூன்று, நாலு, ஐந்து. எனக்கு எண்ணத் தேவையில்லை, அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும், சன்னலுக்கு நேரே, சுவர் ஓரமாக, அவள் தலை இருந்த இடம்.

"கரையானா" என்று கேட்டேன். கரையானாக இருந்தால் நன்றாக இருக்கும், கரையான் எங்கிருந்தோ வருவது, கரையானை யாரும் கூட்டிக்கொண்டு வருவதில்லை. "கரையான் இல்ல சார், ஈரம்" என்றார். "அடியில காத்து போகணும் சார் இந்த மாதிரி வீட்டுக்கு. மண்ணுல எப்பவும் ஈரம் இருக்கும், காத்து போனா அது காஞ்சிரும். வெளியில சுவத்துக்கு அடியில ஓட்டை வச்சிருப்பாங்களே, இரும்பு ஜாலி போட்டு." பிறகு டார்ச்சைச் சுழற்றினார், வெளிச்சம் இருட்டுக்குள் போய் அந்தப்பக்கச் சுவரில் விழுந்தது, அங்கே ஒரு சதுரம் மட்டும் நிறம் மாறித் தெரிந்தது, கல்லுக்கு நடுவே செங்கல், செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட், சீராக, கரண்டியால் தேய்த்து விட்டது. "யாரு சார் அடைச்சது?" என்றார். "முன்னாடி இருந்தவங்களா இருக்கும்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. முப்பது வருஷமாக இந்த வீட்டில் இருப்பவனிடம் முன்னாடி இருந்தவர்கள் என்றால் யார், அவர் அதைக் கேட்கவில்லை, மரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். நல்ல கொத்துவேலை என்று அவர் நினைத்திருக்கலாம். நல்ல கொத்துவேலைதான். ஆறு ஓட்டை, ஒரே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐந்து வருஷத்துக்கு முந்தின டிசம்பர், புல்லெல்லாம் உறைபனி விழுந்து காலையில் வெள்ளையாகக் கிடந்த வாரம். பலகை இடுக்கு வழியாகக் கீழேயிருந்து காற்று ஏறுது, பாதம் விறைச்சுப் போகுது, இரண்டு ஜோடி காலுறை போட்டும் தாங்கலை என்று ஜெயசீலி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வீட்டைச் சுற்றி வந்தேன், காற்று எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தேன், என் புத்திசாலித்தனத்தில் எனக்கே பெருமையாக இருந்தது. அவள் எனக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து செங்கல் எடுத்துக் கொடுத்தாள், மூக்குநுனி சிவந்திருந்தது, என்னுடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள், கை அவளுக்கு நீளமாக இருந்து சிமெண்டில் புரண்டது. நாலாவது ஓட்டையில் கரண்டி வைக்கும்போது, "ஏங்க, இதை எதுக்கோ வச்சிருப்பாங்கல்ல" என்றாள். "எலி வந்துபோகட்டும்னு வச்சிருப்பான்" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அறை சூடாகத்தான் இருந்தது, அது பொய்யில்லை, அதற்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பும் வாங்கிச் சுவர் முதல் சுவர் வரை ஒட்டினேன், அந்த வருஷம் அவள் ஒரு ஜோடி காலுறைதான் போட்டாள்.

லோகநாதன் ரசமட்டம் இருக்கிறதா என்று கேட்டார், அவருடையது வேறு வேலையிடத்தில் மாட்டிக்கொண்டதாம். இருக்கிறது என்று எழுந்தேன். முட்டி வலித்தது. கூடத்து அலமாரியில் கீழ்த்தட்டில், என் பழைய டேப், தூக்குக்குண்டு, நூல்கட்டை எல்லாம் போட்டு வைத்த தகரப்பெட்டிக்குள் இருக்கிறது, இரண்டடி நீள ரசமட்டம், வேலையில் சேர்ந்த வருஷம் மதுரையில் வாங்கியது, நடுவில் கண்ணாடிக்குழலும் அதற்குள் ஒரு குமிழும். பெட்டியைத் திறந்தேன். பிப்ரவரி வெயில் சன்னலில் விழுந்துகொண்டிருந்தது. படுக்கையறைக் கதவிலிருந்து அந்த அலமாரிக்கு எட்டுத் தப்படிதான். அதைக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். இன்னும் பெயர்க்காமல் கிடந்த பலகையின் மேல், அந்த மூன்று கட்டைகளுக்குக் குறுக்காக, அதை வைத்தார். குமிழ் நடுவில் நிற்கவில்லை. நடுவை நோக்கி நகரக்கூட இல்லை. ஒரு கோடியில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் தாழ்ந்த பக்கத்தில் விரலைக் கொடுத்துக் கொடுத்து ரசமட்டத்தைத் தூக்கினார், ஒரு விரல், இரண்டு, மூன்று, நாலாவது விரல் படுக்கும்போது குமிழ் நடுவுக்கு வந்தது. "ரெண்டடிக்கு நாலு விரக்கடை இறங்கியிருக்கு சார்" என்றார். "இது ஒரு நாள்ல ஆனது இல்ல. ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா உக்காந்திருக்கு." இரண்டு வருஷம் என்று எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். அவர் சும்மா சொன்னதாக இருக்கும், ஆசாரிகள் எதற்கும் ஒரு கணக்குச் சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தின ஆவணியில்தான் ஜெயசீலி முதல்முதலாகச் சொன்னாள். காலையில் தலையைச் சீவிக்கொண்டே, சாதாரணமாக, பால்காரன் வரவில்லை என்பதுபோல, "ஏங்க, கட்டில் சாயுது" என்றாள்.

அப்போது அவளுக்கு மறதி வந்திருந்தது. அதையும் சொல்லவேண்டும், அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ கல்நெஞ்சக்காரன் மாதிரி ஆகிவிடும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாள். பெனிட்டாவைத் தன் தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடினாள், ஒரு வார்த்தை பிசகாமல். எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான், ஒரு நாள் இருக்கும், நாலு நாள் இருக்காது. அந்த நாலு நாளில் அவள் பழைய ஜெயசீலியே, வருகைப் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு நாற்பது பிள்ளைகள் பேரையும் வரிசையாகச் சொன்ன டீச்சர். அதனால்தான் கட்டில் சாயுது என்று அவள் சொன்னபோது நான் குனிந்து பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன், இன்று எந்த நாள், அந்த ஒரு நாளா, நாலு நாளில் ஒன்றா. மறுநாளும் சொன்னாள். அடுத்த வாரம், "தலைமாட்டுப் பக்கம் இறங்குதுங்க, ரத்தமெல்லாம் தலைக்கு வர்ற மாதிரி இருக்கு" என்றாள். நாளிதழை மடித்து மடித்துக் கட்டில் காலுக்கடியில் வைத்தாள். பெருக்குகிறபோது நான் அதை எடுத்துப் போட்டேன். திரும்ப வைத்தாள். நான் எடுத்தேன். ஒரு மாதம் எங்களுக்குள் பேச்சில்லாமல் அது நடந்தது, அவள் வைப்பதும் நான் எடுப்பதும், ஒரு தடவை நான் எடுக்கும்போது அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை, சமையலறைக்குப் போய்விட்டாள். பிறகு கட்டிலில் படுக்க மாட்டேன் என்றாள். சமையலறையில் சிமெண்டுத் தரை, அங்கே பிரம்பு நாற்காலியைப் போட்டு அதிலேயே உட்கார்ந்து தூங்கினாள். "அங்க உள்ள போயிட்டே இருக்கேன்" என்றாள். எங்கே உள்ளே என்று கேட்டேன். "கீழ" என்றாள். அதை நான் பெனிட்டாவிடம் போனில் சொன்னேன், கீழ போறேன்னு சொல்றாம்மா, குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்கிற மாதிரி. பெனிட்டா அழுதாள். கீழே என்றால் மண்ணுக்குள் என்று எடுத்துக்கொண்டோம், சாவைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டோம், அவள் சொன்னது பலகையைப் பற்றி. நாலு விரக்கடை. அவள் தரையைப் பற்றித்தான் சொன்னாள், முழுசாகத் தரையைப் பற்றி மட்டும்.

எட்டுத் தப்படி நடந்து பெட்டியைத் திறந்து அதை எடுத்து வந்து கட்டில் சட்டத்தின் மேல் வைத்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஏன் வைக்கவில்லை என்பதைத்தான் குழியின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தோன்றவில்லை என்று சொல்லலாம். தோன்றவில்லை என்பது உண்மையா. கட்டுகிற சுவர், போடுகிற ரோடு, ஓட்டலில் மேஜை, எது சாய்ந்தாலும் என் கண்ணுக்கு உடனே தெரியும், அதற்காக அவள் என்னைக் கேலி செய்வாள், கல்யாண வீட்டுப் பந்தலில் கால் நேராக இல்லை என்று நான் முணுமுணுத்ததை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். அந்த அறையில் நடக்கும்போது சன்னலருகே கால் லேசாகத் தாழ்வதை நான் உணர்ந்திருக்கிறேன், விரிப்புக்கடியில் ஏதோ மெத்தென்று இருப்பதை, பழைய வீடு என்று தாண்டிப் போயிருக்கிறேன். அப்படியானால் தோன்றியிருக்கிறது. தோன்றியதை எங்கே வைத்தேன். இதுதான் ஒரு முள் மாதிரி மாட்டிக்கொள்கிறது, இதைத் தாண்டி நினைப்பு போகமாட்டேன் என்கிறது. நான் களைத்திருந்தேன். மூன்று மாதம் சரியாகத் தூங்கவில்லை. அவள் எழுந்து நாற்காலிக்குப் போவதும் நான் போய்க் கூட்டிவருவதும். ரசமட்டத்தை வைத்து அது சாய்ந்திருந்தால் அவள் சொல்வதெல்லாம் கேட்கவேண்டியதாகும், பலகையைப் பெயர்க்கவேண்டும், ஆசாரி தேடவேண்டும், அடுத்து அவள் கூரை இறங்குது என்றாலும் ஏறிப் பார்க்கவேண்டும். டாக்டர் தரும் மாத்திரை என்றால் ஒரு டம்ளர் தண்ணீர்தான். எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. அவளுக்குக் கொடுத்த மாத்திரையில் நான் தூங்கினேன்.

கோயம்புத்தூர் டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சின்ன வயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார். நானும் பெனிட்டாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம், ஜெயசீலி நடுவில், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "கட்டில் சாயறதா தோணுதாம்மா?" என்று கேட்டார். "தோணல டாக்டர், சாயுது" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன், இல்லை என்று, அவளுக்குத் தெரியாமல். அவளுக்குத் தெரிந்தது. அவள் கையைப் பையிலிருந்து எடுத்து என் முழங்கை மேல் வைத்தாள். "ஒரே ஒரு தடவை நீங்க என் கட்டில்ல படுத்துப் பாருங்க" என்றாள், டாக்டர் முன்னாலேயே, வெட்கப்படாமல். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அவளுக்குக் குறட்டை ஆகாது என்று இருபது வருஷமாகத் தனித்தனிக் கட்டில். "வீட்டுக்குப் போய்ப் படுக்கறேன்" என்றேன். படுக்கவில்லை. பெனிட்டா அவளோடு இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். மாத்திரை முதலில் பாதி, பிறகு முழுசு. மலையேறி வரும்போது பஸ்ஸில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள், ஒவ்வொரு வளைவிலும் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், நிமிரும், அடுத்த வளைவில் மறுபக்கம் சாயும், அவள் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் கட்டில் சாயவில்லை. அவள் தூங்கினாள், வாய் வறண்டு, உதடு வெடித்து, காலையில் தூங்கினாள், மத்தியானம் தூங்கினாள். நான் ஊர்க்காரர்களிடம் இப்போ பரவாயில்லை என்று சொன்னேன். ஜூன் மாதம் ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, நான் முற்றத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, எழுந்திருக்கப் பார்த்தவள் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்தாள். இடுப்பெலும்பு. கூப்பிட்டாளா, தெரியாது, எனக்குக் கேட்கவில்லை. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. கடைசியில் நுரையீரலில் சளி கட்டிப் போனாள். மாத்திரைத் தூக்கத்தில் கால் தடுமாறியது என்றார்கள். அது சரிதான். சுவர்ப்பக்கம்தான் தரை தாழ்ந்திருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தெரியாது, இன்றைக்குக் காலை பதினோரு மணி வரை.

லோகநாதன் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். நான் உள்ளே இருந்து தண்ணீர்ச் செம்பு கொண்டுவந்து வைத்தேன், போகாமல் நின்றேன். "லோகநாதன், அந்த ஓட்டையை அடைச்சது நான்தான்" என்றேன். அவர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "தெரியும் சார்" என்றார். "சிமெண்டு அஞ்சாறு வருஷச் சிமெண்டு. பார்த்தாலே தெரியும்." சிறிது நேரம் சாப்பிட்டார். "எல்லாரும் அடைக்கிறாங்க சார், குளிருக்கு என்ன பண்ணுவாங்க. நான் மாசம் ஒரு வீடு இப்படிப் பார்க்கறேன்." ஆறுதலாகச் சொன்னார். ஆறுதலாக இருந்தது, ஒரு கவளம் விழுங்குகிற நேரத்துக்கு. பிறகு அவர் யோசித்தபடியே, மரத்தைப் பற்றிக் கேட்கிற அதே குரலில், "அந்த இடத்துல யாரு சார் படுத்திருந்தது?" என்று கேட்டார். என் மனைவி என்றேன். "அவங்க ஒண்ணும் சொல்லலையா? நிக்கறவனுக்குத் தெரியாது, நடக்கறவனுக்கும் தெரியாது. படுக்கறவங்களுக்கு ஒரு விரக்கடை இறங்கினாலே தெரிஞ்சிருமே." சொன்னாள் என்றேன். அவர் கை டப்பாவில் நின்றது. என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார், அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல், தண்ணீரை எடுத்துக் குடித்தார். அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த ஆளிடம், இன்றைக்குத்தான் என் வீட்டுக்கு வந்த ஆளிடம், எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

ஒரு மணிக்குப் பெனிட்டா கூப்பிட்டாள், அவளுக்குச் சாப்பாட்டு இடைவேளை. கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், அம்மா மாதிரியே. போன் மேஜையில் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவளிடம் சொல்லவேண்டுமா. டாக்டரைக் கண்டுபிடித்தது அவள், லீவு போட்டுக் கூட்டிப்போனது அவள், மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி ஒட்டியது அவள். அம்மாவுக்கு நம்மால் முடிந்ததைச் செய்தோம் என்று அடக்க வீட்டில் என் தோளில் சாய்ந்து சொன்னவள், அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் எட்டு மாதமாக வேலைக்குப் போய் வருகிறாள். அதை ஏன் பிடுங்கவேண்டும். சொல்லாவிட்டால் ஜெயசீலி புத்தி பேதலித்தவளாகவே இருந்துவிடுவாள், பேரப்பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லப்படும், பாட்டி கடைசியில் கட்டில் சாயுதுன்னு சொல்வாங்க. எடுத்தேன். "ஆசாரி வந்தாராப்பா, என்ன சொல்றாரு?" என்றாள். "மூணு கட்டை போயிருக்கு, பழைய மரம்தானேம்மா" என்றேன். "எந்தப் பக்கம்?" என்றாள். ஒன்றுமில்லாத கேள்வி. ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லியிருக்கலாம். "அம்மா கட்டில் பக்கம்" என்றேன், அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. "ரசமட்டம் வச்சுப் பார்த்தோம். நாலு விரக்கடை சாஞ்சிருக்கு. ரெண்டு வருஷமா சாஞ்சுட்டே இருந்திருக்கு. அம்மா சொன்னது சரிம்மா. அவ சரியாத்தான் சொல்லியிருக்கா."

அந்தப் பக்கம் பிள்ளைகள் கூச்சல் கேட்டது, மணி கேட்டது, ஒரு கதவு சாத்திக்கொண்டது, கூச்சல் குறைந்தது. அவள் அழவில்லை. அழுவாள் என்று காத்திருந்தேன், தேற்றுவதற்கு வார்த்தையெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். "அப்பா" என்றாள். "டாக்டர்கிட்ட போயிட்டு வந்து ரெண்டு நாள் நான் அங்க இருந்தேன்ல. நீங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தீங்க. அம்மா என்னை அந்தக் கட்டில்ல படுக்கச் சொன்னாங்க." நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். "படுத்தேம்ப்பா. சாஞ்சுது. நல்லாத் தெரிஞ்சுது. அம்மா கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு, உனக்குத் தெரியுதா, தெரியுதான்னு கேட்டாங்க." அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கற நேரம், இப்ப போய் ஆமான்னு சொன்னா எல்லாம் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும், எனக்கு மறுநாள் ஸ்கூலுக்குப் போகணும். இல்லம்மா, நேராத்தான் இருக்குன்னு சொன்னேன்." எனக்குள் ஏதோ தளர்ந்தது. நான் மட்டும் இல்லை என்கிற ஒரு தளர்வு, என் பெண்ணின் மேல் பாதியை இறக்கி வைத்துவிட்ட நிம்மதி, அது வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. "அதுக்கு அவ என்ன சொன்னா?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. அப்படியா, சரி அப்படின்னாங்க. அதுவரைக்கும் மாத்திரையை நான் வாயில போட்டாத்தானே முழுங்குவாங்க. அன்னைக்கு அவங்களே கையை நீட்டி, மாத்திரை எங்க, குடுன்னு வாங்கிப் போட்டுக்கிட்டாங்க."

கையை நீட்டினாளாம். எந்தக் கை, சிமெண்டில் புரண்ட ஸ்வெட்டர்க் கையா, என் முழங்கை மேல் வைத்த கையா, அது வலது கை, மோதிரம் தளர்ந்து நூல் சுற்றியிருந்த கை. அவள் அன்றைக்குத்தான் நம்பியிருக்கிறாள், எங்களை, தன்னை விட்டுவிட்டு எங்களை. புருஷன் சொல்கிறான், டாக்டர் சொல்கிறார், பெற்ற பெண் படுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள், அப்படியானால் நேராகத்தான் இருக்கும், சாய்வது நான்தான். பின்னால் வந்த ஏழெட்டு மாதமும் கட்டில் சாய்ந்துகொண்டே இருந்திருக்கிறது, அவளுக்கு அது தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது, தெரிந்ததை ஒவ்வொரு நாளும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதன் மேல் படுத்திருக்கிறாள். உட்கார இடம் தேடினேன், நாற்காலி எதுவும் அருகில் இல்லை, போனைக் காதில் வைத்தபடியே குழியோரத்துப் பலகையில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டேன். "அப்பா, இருக்கீங்களா?" என்றாள் பெனிட்டா. இருக்கேன் என்றேன். லோகநாதன் சாப்பிட்டு முடித்து வந்தார், நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கினார், அப்புறம் அந்தப்பக்கமாக இறங்கி மூன்றாவது கட்டைக்கடியில் கடப்பாரையைக் கொடுத்தார். பழைய மரம் சுவரிலிருந்து விடுபடுகிற சத்தம் அறை முழுக்க எழுந்தது. "அது என்ன சத்தம்?" என்றாள். "கட்டையை எடுக்கறாரு" என்றேன். உனக்கு வகுப்புக்கு நேரமாகலையா என்று கேட்டேன். ஆகிவிட்டது என்றாள். "நீங்க போனை வைக்காதீங்கப்பா" என்றாள். நான் வைக்கவில்லை. கட்டை பாதி வரை ஒன்றாக வந்து, பிறகு லோகநாதன் கையிலேயே துண்டு துண்டாக உடைந்தது, அவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனார்.